பேட்டரி ட்ரில் வாங்கும்முன்: தரத்தையும் சார்ஜையும் நீங்களே சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீடு. எட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டும் வேலை. போய் இறங்கியதுமே வீட்டு ஆச்சி வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, இன்னிக்கு மாசாந்திர கட்டுல்லா. ஒம்பது மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் கரண்டு வரும்."

"பரவாயில்ல ஆச்சி, பேட்டரி மிஷின்தான் கொண்டாந்திருக்கேன்" என்றேன். பையில் இரண்டு பேட்டரி இருந்தது. ஒன்று மிஷினோடு வந்த 2 ஏ.எச். பேட்டரி (ஏ.எச். என்பது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்னும் அளவு), வாங்கி இரண்டு வருடம் ஆனது. இன்னொன்று அதற்கு ஒரு மாதம் முன் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய, 4 ஏ.எச். என்று எழுதிய புதுப் பேட்டரி. புதியதை முதலில் மாட்டினேன். இரண்டாவது ஜன்னலில், ஏழு ஓட்டை போட்டதும் மிஷின் நின்றுவிட்டது. மீதி 25 ஓட்டையையும் அந்தப் பழைய 2 ஏ.எச். பேட்டரிதான் போட்டு முடித்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேட்டரியையும் தெருமுனை மளிகைக்கடைக்குக் கொண்டுபோய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். "என்னடே, இதையுமா நிறுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி நிறுத்துக் காட்டினார். 2 ஏ.எச். பேட்டரி 370 கிராம். 4 ஏ.எச். என்று எழுதியது 382 கிராம். இருமடங்கு சார்ஜ் பிடிக்கும் என்று விற்ற பொருளில் வெறும் 12 கிராம்தான் கூடுதல். விஷயம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து மிஷின் வாங்க வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், பேட்டரியைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். மிஷின் உடம்பு பத்து வருடம் உழைக்கும். பேட்டரி அப்படியில்லை, அது தேயும் பொருள். ஆகவே நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு பேட்டரியை. அது எவ்வளவு வேலை செய்யும், நம் ஊர் வெயிலைத் தாங்குமா, மூன்று வருடம் கழித்து அதே பேட்டரி திருநெல்வேலியில் கிடைக்குமா என்பவைதான் கேள்விகள். இவற்றுக்கு வீட்டிலேயே, கடையிலேயே எப்படிப் பதில் தேடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் எதில் எதில் ஓட்டை போடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். மரமா, பிளைவுட்டா, இரும்புத் தகடா, செங்கல் சுவரா, காங்கிரீட்டா?

வீட்டில் படம் மாட்ட, அலமாரி பூட்ட, கட்டில் நட்டு முறுக்க என்றால் 12 வோல்ட் மிஷின் போதும். கைக்கு அடக்கம், எடை குறைவு, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாலும் கை வலிக்காது. கேமரா மாட்டுபவர்கள், மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்கள் பலர் 12 வோல்ட்டிலேயே பிழைப்பு நடத்துகிறார்கள். கதவு நிலை, கீல், தேக்குச் சட்டம், இரும்பு என்று தினமும் வேலை இருந்தால் 18 வோல்ட்டுக்குப் போங்கள்.

நம் பக்கத்து மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்கோட்டை அறுவை மில்களிலிருந்து வரும் சாதாரணப் பலகைக்கும், பழைய வீட்டில் கழற்றிய பனங்கைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பனையின் வைரம் பாய்ந்த வெளிப்புறம் சாதாரண ஆணியை வளைத்துவிடும். அதில் 12 வோல்ட் மிஷினைப் போட்டு அழுத்தினால் மோட்டார் சூடேறி, சார்ஜ் மளமளவென்று இறங்கும். பனை, வைரம் பாய்ந்த வேம்பு, பழைய தேக்கு மூன்றும் அடிக்கடி வருமென்றால் 18 வோல்ட்டில் யோசியுங்கள்.

காங்கிரீட் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேட்டரி ட்ரில்லில் சுத்தியல் படம் போட்டிருக்கும். அதற்குள் பல் வைத்த இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கித் தட்டும், அவ்வளவுதான். செங்கலுக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் அது போதும். லிண்டல், பீம், மேல்தளம் ஆகியவற்றில் ஜல்லி எதிர்ப்பட்டால் திணறிவிடும். அதற்கு எஸ்.டி.எஸ். என்ற தனி வகைப் பிட்டு (ஓட்டை போடும் முனை) மாட்டும் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்திப் பிட்டை அடிக்கிறது. வருடத்துக்குப் பத்து ஓட்டை, அதுவும் காங்கிரீட்டில் மட்டும் என்றால் பேட்டரி மிஷினே வேண்டாம். ஒயர் போட்ட மிஷின் வாங்குங்கள், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது

வோல்ட் எண்ணில்தான் ஏமாற்று அதிகம். ஒரு லித்தியம் செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழுச் சார்ஜில் 4.2 வரை போகும். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21. மூன்று செல் என்றால் 10.8 வோல்ட், முழுச் சார்ஜில் 12.6. ஆகவே 18 வோல்ட் என்று எழுதிய மிஷினும் 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதிய மிஷினும் ஒரே இனம். டீவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்பது இந்தக் கணக்கில்தான். 20 பெரியது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதேபோல 10.8 என்பதும் 12 என்பதும் ஒன்றுதான்.

48, 88, 128 என்று எழுதி, பக்கத்தில் வி.எஃப். என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து விற்கும் மிஷின்கள் பொருட்காட்சிக் கடைகளிலும் ஆன்லைனிலும் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் அதற்குள்ளும் ஐந்து செல்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது ஏ.எச்., அதாவது ஆம்பியர் அவர். வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வாட் அவர் கிடைக்கும். பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு அதுதான். இரண்டு மிஷினை ஒப்பிட இந்த ஒரு எண் போதும். 12 வோல்ட் மிஷினின் 2 ஏ.எச். பேட்டரி: 10.8 × 2 = 21.6 வாட் அவர். 18 வோல்ட்டில் 2 ஏ.எச்.: 36 வாட் அவர். 18 வோல்ட்டில் 5 ஏ.எச்.: 90 வாட் அவர். இரண்டும் 2 ஏ.எச். தானே என்று நினைத்து 12 வோல்ட்டையும் 18 வோல்ட்டையும் சமமாக எடைபோடுவது பலரும் செய்யும் தவறு.

டார்க் என்னும் முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் போட்டிருப்பார்கள். நல்ல கம்பெனிகள் இரண்டு எண் தரும். பெரிய எண், இரும்பு போல விட்டுக்கொடுக்காத பொருளில் கடைசி நொடியில் வரும் உச்சம். சிறிய எண், மரம் போல இளகும் பொருளில் வரும் முறுக்கு. ஒரு கம்பெனியின் பெரிய எண்ணை இன்னொன்றின் சிறிய எண்ணோடு வைத்துப் பார்த்தால் கணக்கே தப்பிவிடும். தச்சு வேலைக்காரர்கள் சிறிய எண்ணைப் பார்த்தால் போதும்.

பேட்டரியை எடை போடுங்கள்

இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்லுவேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

இந்தப் பேட்டரிகளில் அதிகம் வருவது 18650 எனப்படும் உருளைச் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். எடை சுமார் 45 முதல் 50 கிராம். ஐந்து செல் என்றால் 240 கிராம் பக்கம். மேல்மூடி, சர்க்யூட் போர்டு, தகடு எல்லாம் சேர்த்து 18 வோல்ட், 2 ஏ.எச். பேட்டரி 350 முதல் 400 கிராம் இருக்கும். 4 அல்லது 5 ஏ.எச். என்றால் பத்து செல் வேண்டும்; எடை 600 கிராமைத் தாண்டும். 4 ஏ.எச். என்று எழுதிவிட்டு 380 கிராம் நின்றால் உள்ளே பத்து செல் இருக்க வாய்ப்பே இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 21700 என்ற கொஞ்சம் பெரிய செல் இப்போது வருகிறது. ஒன்று 70 கிராம் பக்கம் இருக்கும். அதில் ஐந்து செல்லிலேயே 4 ஏ.எச். தர முடியும். அப்படிப்பட்ட பேட்டரி 450 கிராமுக்கு மேல் நிற்கும். 380 நிற்காது.

இன்னொரு எல்லையும் நினைவில் இருக்கட்டும். ஒரு 18650 செல் அதிகபட்சம் 3.5 ஏ.எச். பக்கம்தான் பிடிக்கும். ட்ரில்லுக்குத் தேவையான வேகத்தில் கரண்டை இறக்கும் செல்களோ பெரும்பாலும் 2, 2.5, 3 ஏ.எச்.தான். ஐந்து செல் அளவுள்ள சின்னப் பேட்டரியில் 6 ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செல்லின் குணமும் முக்கியம். பவர் பேங்க், லேப்டாப்பில் போடும் செல்கள் சார்ஜை நிறையப் பிடிக்கும், ஆனால் மெதுவாகத்தான் விடும். ட்ரில் கேட்பது 15, 20 ஆம்பியர். மெதுவான செல்லிடம் திடீரென்று அவ்வளவு கேட்டால் வோல்ட் பொத்தென்று விழும். மிஷின் "சார்ஜ் தீர்ந்தது" என்று நினைத்து நின்றுவிடும். கல்லிடைக்குறிச்சியில் எனக்கு நடந்தது இதுதான். டூப்ளிகேட் பேட்டரியிலும், "செல் மாற்றித் தருகிறோம்" என்னும் கடைகளிலும் இந்த வகை செல்லைப் போட்டுவிடுவார்கள். செல் மாற்றக் கொடுத்தால், எத்தனை ஆம்பியர் விடும் செல் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் கொடுக்காதீர்கள்.

பத்து செல் பேட்டரி ஏன் கனமான வேலையில் இரண்டு மடங்குக்கும் மேலாகவே உழைக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். நூறு கிலோ மூட்டையை ஒருத்தர் சுமப்பதற்கும் இரண்டு பேர் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒவ்வொரு செல்லின் மேலும் பாதிச் சுமைதான் விழுகிறது; சூடு குறைகிறது; சூட்டில் வீணாகும் சார்ஜும் மிஞ்சுகிறது.

எடை பார்த்தபின் பேட்டரியின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் போட்டால் அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் முழுச் சார்ஜ் ஏற்றி அளந்து பாருங்கள். 18 வோல்ட் பேட்டரி 20.5 முதல் 21 வரை காட்ட வேண்டும். அப்படியே பத்து நாள் தனியாக வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஒரு செல் நோயாளி. சில பேட்டரிகள் மிஷினில் மாட்டாமல் வோல்ட் காட்டாது. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அளக்கும்போது இரண்டு முனையும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் தீப்பொறி பறக்கும்.

மிஷினைக் கையில் பிடித்துப் பார்ப்பது

கடைக்குப் போகும்போது உங்கள் பையில் நேரான ஒரு புது பிட்டும், பத்து ஸ்க்ரூவும், ஒரு கட்டைத் துண்டும் இருக்கட்டும். வண்ணார்பேட்டையோ டவுனோ ஜங்ஷனோ, நல்ல கடைக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

பிட்டை மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைக் கண்ணுக்கு நேராகப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். சிறிய வட்டம் போட்டால் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கோ அதன் தண்டோ கோணல். அந்த மிஷினில் 3 மில்லிமீட்டர் பிட்டு உடைந்துகொண்டே இருக்கும். அடுத்து மிஷினை நிறுத்திவிட்டுச் சக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசான அசைவு சகஜம். லொடலொட என்று ஆடினால் பேரிங் சரியில்லை.

ட்ரிகரை மயிலிறகால் தொடுவதுபோல் அழுத்துங்கள். தரமான மிஷின் ஒரு சுற்று, அரைச் சுற்று என்று நிதானமாகத் தொடங்கும். மட்டமானது ஒன்று சும்மா இருக்கும், இல்லாவிட்டால் பாய்ந்து ஓடும். விட்டதும் சட்டென்று நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்க்ரூ தலை பலகைக்குள் புதைந்துபோவதும் போகாததும் இதில்தான் இருக்கிறது.

அப்புறம் கிளட்ச், அதாவது குறித்த முறுக்கு வந்ததும் சுற்றை விட்டுவிடும் ஏற்பாடு. சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் இருக்குமே, அதை 5-ல் வைத்துக் கட்டைத் துண்டில் ஐந்து ஸ்க்ரூ இறக்குங்கள். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் நின்று "டக்டக்" என்று விட வேண்டும். ஒன்று மேலே, ஒன்று புதைந்து என்று இருந்தால் அந்த வளையம் வெறும் அலங்காரம்தான்.

பிரஷ்லெஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். பழைய வகை மோட்டாரில் இரண்டு கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலில் சார்ஜ் கொஞ்சம் சூடாகப் போய்விடும். பிரஷ்லெஸ்ஸில் அந்த உரசல் இல்லை. ஒரே பேட்டரியில் கூடுதல் வேலை வாங்கலாம். தினமும் தொழில் செய்பவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தகும் என்பது என் கருத்து. வீட்டுக்கு மட்டும் என்றால் பிரஷ் வைத்ததே போதும். பிரஷ் தேய்ந்தால் மலிவாக மாற்றிக்கொள்ளலாம். பிரஷ்லெஸ்ஸில் போர்டு போய்விட்டால் செலவு கூடும்.

எண்ணிப் பார்க்கும் சோதனை

இரண்டு மிஷின் கையில் இருந்தால், அல்லது புதியதை நண்பருடையதோடு ஒப்பிட முடிந்தால், இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டு பேட்டரியையும் முழுச் சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். ஒரே நீளப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேறு பலகை கூடாது, ஒன்றில் வைரம் அதிகம் இருந்துவிடும். முடிச்சு உள்ள இடத்தைச் சாக்பீஸால் அடித்துவிடுங்கள். ஒரே பெட்டியில் வாங்கிய 2 அங்குல, 8 நம்பர் ஸ்க்ரூ. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு புது ஸ்க்ரூ பிட்டு. இரண்டையும் முதல் கியரில் போடுங்கள்.

முன்னோட்டை போடாமல் ஸ்க்ரூவை இறக்குங்கள். தலை பலகையோடு சமமானால் ஒன்று. இருபது ஆனதும் ஐந்து நிமிடம் ஓய்வு. இரண்டு மிஷினுக்கும் அதே ஓய்வு. மோட்டார் பக்கமும் பேட்டரி பக்கமும் புறங்கையை வைத்துப் பார்த்து, "வெதுவெதுப்பு", "கை வைக்க முடியவில்லை" என்று நோட்டில் எழுதுங்கள். மிஷின் தானாக நின்றதும் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் ஆறியதும் மறுபடி அழுத்தினால் இரண்டு மூன்று ஸ்க்ரூ இறங்கும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படி உறிஞ்சி எடுப்பது செல்லுக்கும் கெடுதல்.

கடைசிப் பத்து ஸ்க்ரூவில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல பேட்டரி கடைசிவரை ஒரே சுருதியில் ஓடி, சட்டென்று நிற்கும். மட்டமான பேட்டரி பாதியிலேயே முனக ஆரம்பித்துவிடும். பிறகு வரும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, 36 வாட் அவர் பேட்டரி 120 ஸ்க்ரூ இறக்கியது, 21.6 வாட் அவர் பேட்டரி 80 இறக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் முதலாவதுதான் ஜெயித்தது. ஆனால் வாட் அவருக்கு எத்தனை என்று வகுத்தால் முதலாவது 3.3, இரண்டாவது 3.7. அதாவது சின்ன மிஷின் சார்ஜை வீணாக்காமல் வேலை செய்கிறது. அதற்கு இரண்டு பேட்டரி வாங்கி வைத்தால் உங்கள் வேலைக்குச் சரியாக இருக்கலாம். ஒரே வோல்ட், ஒரே ஏ.எச். எழுதிய இரண்டு மிஷினில் இந்த எண் மிகவும் வேறுபட்டால், ஒன்று மோட்டாரும் கியரும் மட்டம், அல்லது பேட்டரியில் எழுதியது பொய். எது என்று அறிய, ஒரே கம்பெனிப் பேட்டரிகள் என்றால் மாற்றி மாட்டிப் பாருங்கள். வேறு கம்பெனி என்றால் தராசு இருக்கிறது.

சுவருக்கும் இதேபோல் செய்யலாம். 6 மில்லிமீட்டர் பிட்டு, நுனியிலிருந்து 50 மில்லிமீட்டரில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். செங்கலின் நடுவில் போடுங்கள், கலவைச் சந்தில் வேண்டாம். சோதனைக்குச் சுவரைக் கெடுக்க வேண்டியதில்லை. பத்து செங்கல் வாங்கி அடுக்கிக்கொண்டால் போதும்.

மறுநாள் வரிசையை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். முதல் நாள் முதலில் ஓட்டிய மிஷினுக்கு உங்கள் கை வலு முழுதாகக் கிடைத்திருக்கும். அந்தச் சலுகை இரண்டாவதற்கும் கிடைக்கட்டும்.

நம் ஊர் வெயில்

இந்தப் பேட்டரிகளுக்கு எதிரி சூடு. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 38, 40 டிகிரி என்று நிற்கும்போது இதை மறக்கவே கூடாது. பெரும்பாலான கையேடுகள் 40 அல்லது 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் போடாதே என்கின்றன. ஓடி முடித்த பேட்டரியின் சூடு வெளிவெயிலைவிடக் கூடுதலாக இருக்கும். அதை உடனே சார்ஜரில் செருகினால் நல்ல சார்ஜர் விளக்கைச் சிமிட்டி மறுக்கும், ஆறியபிறகுதான் ஏற்றும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். பயப்பட வேண்டியது மறுக்காத சார்ஜரைப் பார்த்துத்தான். விலை மலிவான சிலவற்றில் சூட்டைப் பார்க்கும் ஏற்பாடே இருக்காது.

மிஷின்களை ஒப்பிடும்போது இதையும் சோதியுங்கள். கனமாக ஓட்டிய பேட்டரியை உடனே சார்ஜரில் போட்டு, காத்திருக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்றினால் அந்தச் சார்ஜரில் எப்போதும் ஆறிய பேட்டரியைத்தான் போட வேண்டும்.

பைக் பெட்டியிலும், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளும் மதியம் முழுக்கப் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். வேலை இடத்தில் மண்பானைக்குப் பக்கத்து நிழல் போதும். தண்ணீர் படாமல் இருந்தால் சரி. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது, முழுதாகத் தீர்த்தும் வைக்கக் கூடாது. கார்சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் வேலை செய்பவர்கள் பேட்டரி முனைகளைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

"முழுசாத் தீர்ந்தபிறகுதான் சார்ஜ் போடணும்" என்று மூத்த ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு. 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த முதல் பேட்டரி ட்ரில்லிலிருந்து பல பத்து வருடம் அதுதான் இருந்தது; அதற்கு அந்தப் பழக்கம் பொருந்தும். 2005 வாக்கில் ட்ரில்களில் லித்தியம் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. லித்தியத்தை முழுதாகத் தீர்ப்பதுதான் கெடுதல். முறுக்கு குறைவது தெரிந்ததும் கழற்றிச் சார்ஜ் போடுங்கள்.

மின்தடை நாளுக்கு முந்தின இரவே எல்லாப் பேட்டரியையும் ஏற்றி வைத்துவிடுங்கள். இரவுக் குளிர்ச்சியில் ஏற்றினால் செல்லுக்கும் நல்லது.

எங்கே வாங்குவது, எதைக் கேட்பது

விலையைக் கேட்கும்முன் தனிப் பேட்டரியின் விலையைக் கேளுங்கள். மிஷின், இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்ந்த விலைக்கும் தனிப் பேட்டரி விலைக்கும் உள்ள பொருத்தத்தைப் பாருங்கள். சில மலிவு மிஷின்களுக்குத் தனிப் பேட்டரியே கிடைக்காது. பேட்டரி செத்தால் மிஷினையே தூக்கிப் போட வேண்டியதுதான். அதே பேட்டரி கிரைண்டர், ஜிக்ஸா, புளோயர் என்று எத்தனை கருவிக்குப் பொருந்தும் என்றும் கேளுங்கள். நாளைக்கு இன்னொரு கருவி வாங்கும்போது வெறும் உடம்பை மட்டும் வாங்கினால் போதும். பாஷ், மக்கீட்டா, டீவால்ட் மூன்றிலும் இப்படிப் பெரிய வரிசை உண்டு. ஒன்றின் பேட்டரி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே முதல் மிஷின் வாங்கும் நாளிலேயே அடுத்த ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முடிவு செய்கிறீர்கள்.

மிஷினுக்கு ஒரு வாரண்டி, பேட்டரிக்கு வேறு வாரண்டி என்பது வழக்கம். பேட்டரிக்கு எத்தனை மாதம் என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியிலேயே இருக்கிறதா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் எத்தனை நாள்? தினக்கூலிக்காரனுக்கு அந்த நாட்களும் செலவுதான்.

நம் ஊரில் துபாய், சவுதியிலிருந்து அண்ணனோ மச்சானோ மிஷின் வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். அதற்கு மூன்று விஷயம். மிஷின் உடம்பு செக்-இன் பெட்டியில் போகட்டும். கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. பேட்டரி 100 வாட் அவருக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. 18 வோல்ட், 5 ஏ.எச். 90 வாட் அவர்தான். இரண்டாவது, அந்த நாட்டுச் சார்ஜரின் பிளக் மூன்று செவ்வகக் கால் வைத்தது, இங்கே மாற்று பிளக் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் சார்ஜரில் 120 வோல்ட் மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் 230-ல் செருகினால் அந்த நொடியே எரிந்துவிடும். மூன்றாவது, அங்கே வாங்கிய வாரண்டி இங்கே செல்லுமா என்று வாங்கும்முன் கேட்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு

பேட்டரி வீட்டுக்கு வந்த அன்றே மார்க்கரால் அதன் அடியில் தேதியும், முதல் சோதனையில் வந்த ஸ்க்ரூ எண்ணிக்கையும் எழுதிவிடுங்கள். இரண்டு பேட்டரி என்றால் 1, 2 என்று எண்ணும் போடுங்கள். மாறி மாறி ஓட்டுங்கள். என்னிடம் உள்ள ஒரு பேட்டரியில் "112" என்று எழுதியிருக்கிறது. அது நான் முதன்முதல் எண்ணிய எண்.

வருடத்துக்கு ஒரு முறை, வேலை குறைந்த ஐப்பசி மழை நாளில், அதே வகைப் பலகை, அதே ஸ்க்ரூ வைத்து மறுபடி எண்ணுங்கள். சில நூறு முறை சார்ஜ் ஏற்றியபின் எண்ணிக்கை குறைவது இயல்பு. முதலில் 112 என்றால் 90 வரை வந்தாலும் கவலை வேண்டாம். 70-க்குக் கீழே போனால் அதை வெளிவேலைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு புதியது வாங்குங்கள். ஒரே வருடத்தில் பாதியாகிவிட்டால் வாரண்டி இருக்கும்போதே கடைக்குப் போங்கள். நோட்டில் எழுதிய எண்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உப்பியது, வெடிப்பு விட்டது, சார்ஜ் போடும்போது வாடை வருவது என்றால் அதற்குப் பிறகு சோதனை எதுவும் வேண்டாம். மிஷினிலிருந்து கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, எரியும் பொருள் எதுவும் இல்லாத சிமெண்டுத் தரையில் தனியாக வையுங்கள். குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். வாங்கிய கடையிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். 2022 முதல் உள்ள பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. என் 382 கிராம் பேட்டரியையும் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.